கிளி எடுத்த கூலி

செவ்வாய்க்கிழமை காலை கிளி தெய்வானைக்கு அறுநூற்றுப் பதின்மூன்று ரூபாய் எடுத்துக் கொடுத்தது. முந்தின நாள் தொள்ளாயிரத்து நாற்பது.

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பெயர் அவளுடையதுதான். ஓவர்லாக் டைலர், நான்காவது லைன், ஒரு ஷிப்டுக்கு 613. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தாள்.

கிளி என்பது பறவை இல்லை. பனியன் கம்பெனியின் வாசலில், சுவரில் பதித்திருந்த சாம்பல் நிறப் பெட்டி. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். கீழேயிருந்து ஒரு சீட்டு வரும். அன்றைய கூலி அதில் இருக்கும். கிளி ஜோசியக்காரனின் கூண்டையும் சீட்டையும் நினைத்து யாரோ வைத்த பெயர் அது. நிர்வாகம் வேறொரு பெயர் வைத்திருந்தது. அது யாருக்கும் நினைவில்லை.

முன்பெல்லாம் முதலாளிகளும் சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசிக் கூலியை முடிவு செய்வார்கள். லைனில் எல்லா டைலருக்கும் ஒரே ரேட். இப்போது ஆளுக்கொரு ரேட், நாளுக்கொரு ரேட். திருப்பூரில் கிளி இல்லாத கம்பெனி இல்லை. கிளி எதைப் பார்த்துச் சீட்டு எடுக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் அவர்களே கண்டுபிடித்தார்கள். தையலுக்கும் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை. போக இடம் இருப்பவளுக்கு ஏறும். இல்லாதவளுக்கு இறங்கும்.

அதனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது பெண்கள் வேறு கம்பெனிகளின் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றார்கள். ‘டைலர் தேவை’ என்று எழுதிய பலகையைப் பார்ப்பதுபோல் நிற்பார்கள். கைப்பையில் போன் இருக்கும். அது எங்கே நிற்கிறது என்று கிளிக்குத் தெரியும். மறுநாள் பத்து ரூபாய் ஏறும். ஒரு மாதம் ஏறியது. பிறகு கிளி அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதுவரை எல்லாம் விளையாட்டுப்போல்தான் இருந்தது. பிறகு செக்கிங் பிரிவில் ஒரு பெண்ணுக்கு எழுபது ரூபாய் இறங்கியது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தான் உண்டாகியிருப்பது அவளுக்கே தெரிந்தது. கிளிக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

அடுத்தது செல்லாயி. தெய்வானைக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்காருபவள். அவளுக்கு ஒரே நாளில் நூற்று ஐம்பது இறங்கியது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். ரோட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று பயந்து, அழுது, லாரிச் சாவியைப் பிடுங்கி ஒளித்துவைத்து அவனை வீட்டில் இருக்க வைத்தாள். சும்மா இருக்க முடியாமல் கூரைத் தகடு மாற்ற ஏறினான். விழுந்தான். இப்போது படுக்கையில் இருக்கிறான்.

கிளி சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது.

நான்காவது லைனில் ஒரு வழக்கம் வந்தது. யாருக்காவது ஐம்பதுக்கு மேல் இறங்கினால், பத்து மணி டீக்கு ஆளுக்கு அரை பன் பிய்த்து அவள் மெஷின் பலகைமேல் வைப்பார்கள். என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். செய்தி வருவதற்கு முன்பே துக்கம் விசாரிப்பதுபோல.

பத்து மணிக்குத் தெய்வானை நிமிர்ந்தபோது பலகைமேல் பதினோரு அரை பன்கள் இருந்தன. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த மெஷின் தங்கமணி மட்டும் குனிந்து கேட்டாள். “எத்தனைங்க்கா?”

தெய்வானை சீட்டைக் காட்டினாள்.

“முந்நூத்தி இருபத்தேழு எறங்கிருக்குது.” தங்கமணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “செல்லாயிக்கே நூத்தம்பதுதானுங்க்கா.”

“தெரியும்.”

“ஊர்ல எல்லாம் நல்லா இருக்காங்களா? ஒரு போன் போட்டுப் பாருங்க்கா.”

“உனக்கு எவ்வளவு?”

“எனக்கு அதேதானுங்க. எனக்கெங்க ஏறுது எறங்குது. மாறோணும்னா என்ற மாமியா சாகோணும், இல்ல நான் சாகோணும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தெய்வானை கழிப்பறைப் பக்கம் போய் வத்தலக்குண்டுக்குப் பேசினாள். அண்ணன் எடுத்தார்.

“அம்மா எப்படிண்ணே இருக்கா?”

“அவளுக்கென்ன. ஆறு இட்லி தின்னுப்புட்டு, சட்னில உப்பில்லன்னு உங்க மதினியப் போட்டு வைஞ்சுக்கிட்டு இருக்கா. ஏன், கூப்பிடவா?”

“வேணாம்.”

“உனக்கு மேலுக்குச் சௌகரியமா?”

“ம்.”

புருஷன் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அவரால் இனி அவளுக்கு எதுவும் வந்துவிடாது. தங்கை இல்லை. நிலம் இல்லை. யோசித்து யோசித்து ஒவ்வொருவராகக் கழித்தாள். கடைசியில் மகள் ஒருத்திதான் மிச்சம்.

ஓவியா.

மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணி ரயிலில் ஓவியா கொச்சிக்குப் போகிறாள். மாலை அங்கிருந்து மஸ்கட்டுக்கு விமானம். பதினெட்டு நர்ஸ்களில் அவளும் ஒருத்தி. மூன்று வருஷ ஒப்பந்தம். விமானத்தைத் தவறவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். இரண்டு வருஷம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

மத்தியானம்வரை அவள் தைத்த துண்டுகளில் நான்கைச் செக்கிங்கிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். பதினாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஓவியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். முனையில் இருக்கும் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துவிட்டு வந்திருந்தாள்.

“முப்பது கிலோ விடுவாங்களாம்மா. இருபத்தெட்டரை. இன்னும் ஒண்ணரை கிலோ ஊறுகா வைக்கலாம்.”

“வை.”

“கடைக்காரர் சொல்றாரு, பேப்பர் விலைக்கு எடுத்துக்கட்டுமான்னு.” சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. வெயிலு.”

“ஆறே மாசம். நான் பணம் அனுப்ப ஆரம்பிச்சதும் நின்னுரு. அப்புறம் அந்தக் கிளி மூஞ்சில நீ முழிக்கவே வேணாம். ஏதாச்சும் ஒரு கம்பெனி வாசல்ல டீக்கடை வெச்சிக்க. கிளிக்கே டீ குடு.”

தெய்வானை சீட்டை மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஓவியா சிரிப்பாள், போய்விடுவாள். போனால் நடக்கும்.

என்ன நடக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கத்தான் பாத்திரங்களை எல்லாம் மறுபடி தேய்த்தாள். ஆனால் சிங்க்கின் மேலே இருந்த சின்னச் சன்னலில் வானம் தெரிந்தது.

காலை ஐந்தரைக்கு எழுந்தாள். ஓவியா குளித்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள். தெய்வானை அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா.”

ஓவியா சீப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் மகளாக வரவில்லை. நர்ஸாக வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எங்க வலிக்குது? இடது பக்கமா? கைக்கு எறங்குதா?”

“ஆமா.”

“வேர்க்குதா?”

வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. நாடியும் ஓடியது. நூற்று இருபத்தெட்டு. பயத்தில் ஓடுகிற நாடிக்கும் நோயில் ஓடுகிற நாடிக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. வலி மட்டும்தான் பொய்.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் நாடி குறையவில்லை, சாயங்காலம்வரை இருக்கட்டும் என்றார். ஓவியா வெளியே போய் யாரிடமோ பேசினாள். திரும்பி வந்தாள். மறுபடி போய்ப் பேசினாள். கண்ணாடிக் கதவு வழியே தெய்வானைக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கை போனைப் பிடித்திருந்தது. இன்னொரு கை பின்னலின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஆனது. ஏழே கால் ஆனது.

ஒன்பதரைக்கு நாடி தொண்ணூறுக்கு வந்தது. பதினொன்றுக்கு எண்பது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“பரவால்ல.”

“நல்லது.” ஓவியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “தூங்கு.”

தெய்வானை தூங்கினாள். நிம்மதியாகத் தூங்கினாள். அதை அவள் பிறகு பல முறை நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனாள். கிளி அறுநூற்றுப் பதின்மூன்று எடுத்தது. இறங்கியது ஏறவில்லையே என்று யோசித்தாள். ஆபத்து கடந்த பிறகும் கிளிக்கு ஏன் தெரியவில்லை? இன்னும் கடக்கவில்லையோ?

சாயங்காலம் வந்தபோது ஓவியா தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி அப்படியே கட்டிலடியில் இருந்தது. அவள் முன்னால் சுருக்குப்பை திறந்து கிடந்தது.

“ஆட்டோக்குச் சில்லறை தேடுனேன்,” என்றாள்.

இரண்டு சீட்டுகள் தரையில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. திங்கள். செவ்வாய்.

“இதுக்காகவா?”



ஓவியா போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு போட்டோ. வெள்ளை வெயில். ஒரு கட்டடத்தின் முன்னால் பதினேழு பெண்கள் கையில் பையோடு நின்றார்கள். பதினெட்டாவதாக ஒரு பெண் ஓரத்தில் நின்றாள். அவள் யாரென்று ஓவியாவுக்குத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

“பத்திரமா எறங்கிட்டாங்க,” என்றாள் ஓவியா. “எங்கிட்ட காட்டியிருக்கலாம்லம்மா.”

“நீ போயிருப்ப.”

“ஆமா. போயிருப்பேன்.”

அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள். ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துத் தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தெய்வானை மாடிக்கு ஏறினாள். கிளியைப் பார்த்துக்கொள்கிற அலுவலர் பெயர் நவநீதன். முப்பது வயது இருக்கும். மேஜைமேல் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார்.

“வாங்கக்கா. உக்காருங்க. மிஷின் பிரச்சினையா?”

“ரேட்டு பிரச்சினை.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “ரேட் பத்திப் பேசக் கூடாதுக்கா. எழுதிக் குடுக்கணும்.”

“எனக்குக் கூட்டிக் கேக்கல சார். எதப் பாத்துக் குறைச்சுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எம் மகளுக்கு ஏதாச்சும் ஆகப்போகுதுன்னு தெரிஞ்சுதா?”

“மகளுக்கா?”

“கிளிக்கு முன்னாடியே தெரியும்ல.”

நவநீதன் அவளைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அவளுடைய வேலை எண்ணைக் கேட்டுத் திரையில் தட்டினார்.

“அக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. இது சோதனை ரேட்.”

“அப்படின்னா?”

“பாருங்க. அது உங்க வேலைக்கு என்ன மதிப்புன்னு பாக்கறதில்ல. நீங்க எந்த ரேட்டுக்குக் கீழ போனா வேலைய விடுவீங்கன்னு பாக்குது. அதுக்கு ஒரு ரூபா மேல குடுக்குது. அது ஒரு யூகந்தான். யூகம் சரியான்னு தெரியணும்ல? அதுக்கு அப்பப்ப சிலருக்குச் சும்மா குறைச்சுப் பாக்கும். செவ்வாய்லருந்து வெள்ளிவரைக்கும். போறாங்களா, இருக்காங்களான்னு. அவ்வளவுதான். உங்க வீட்டுல எதுவும் நடக்கல, நடக்கப் போறதுமில்ல. குலுக்கல்ல உங்க பேரு வந்துது.”

“குலுக்கல்.”

“ஆமாக்கா. யாரு பேருன்னும் குலுக்கல். எவ்வளவுங்கறதும் குலுக்கல்.”

கீழே லைன்களில் யாரும் இல்லை. மின்விசிறிகள் மட்டும் ஓடின. அந்தச் சத்தம் மாடிவரை வந்தது.

“செல்லாயிக்கு நூத்தம்பது எறங்குச்சே.”

அவர் தட்டினார். தேதியைப் பார்த்தார்.

“அதுவும் சோதனைதான்.”

“அவ புருஷன் விழுந்தானே.”

“விழுந்தாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா.”

“லாரிக்குப் போகாம வீட்ல இருந்தான் சார். அதான் விழுந்தான்.”

நவநீதன் அந்தத் தேதியை மறுபடி பார்த்தார்.

“அந்த உண்டான பொண்ணு?”

“அது நெஜம்.” சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். “எல்லாம் சோதனை இல்லக்கா. முக்காவாசி நெஜந்தான். எது எதுன்னு பாத்தா தெரியாது. தெரிஞ்சா அது சோதனையே இல்ல.”

தெய்வானை எழுந்தாள். கிளம்பாமல் நின்றாள். “இந்தச் சோதனை இல்லாட்டி செவ்வாக்கெழம எனக்கு என்ன வந்திருக்கும்?”

“அதெல்லாம் எதுக்குக்கா.”

“சொல்லுங்க.”

அவர் திரையை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பினார். 1,120.

“உங்க பொண்ணுக்கு விசா வந்ததத் திங்கக்கெழம பாத்து ஏத்திருக்கு. நூத்தி எண்பது ஏறியிருக்கணும். ஆறு மாசத்துல விட்டுட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சிருக்கு.”

அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். யாரோ அவளைப் பற்றி நல்லதாக நினைத்து, அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்ததுபோல் இருந்தது.

“எங்க லைன்ல மட்டும் ஏன் சார் இத்தனை பேருக்கு வருது? செல்லாயி, நான், அதுக்கு முன்ன ரெண்டு பேரு. குலுக்கல்னா எல்லா லைனுக்கும் வரணும்ல?”

“குலுக்கல்தான். ஆனா குலுக்கறதும் அதுதானேக்கா.” அவர் டப்பாவை மூடினார். “எங்க கத்துக்க முடியுதோ அங்க அடிக்கடி பாக்கும். உங்க லைன்ல ஒரு வித்தியாசம் இருக்கு. மத்த லைன்ல எறங்குனா பத்துக்கு மூணு பேரு சண்ட போடுறாங்க, இல்ல வேற கம்பெனிக்குப் போயிடறாங்க. உங்க லைன்ல யாரும் போறதில்ல.”

“பன்னு வைக்கிறது அதுக்குத் தெரியுமா?”

“என்ன பன்னு?”

“ஒண்ணுமில்ல சார்.”

“பயந்தவங்க எடத்த விட்டு நகர மாட்டாங்கக்கா,” என்றார் நவநீதன். “அதுக்கு ஏன்னு தெரியாது. ஏன்னு அது கேக்கறதில்ல. நீங்களும் பாருங்க, மூணுல ரெண்டு பங்குக்குக் குறைச்சும் ஒரு நாள் லீவு போட்டுட்டுத் திரும்பி வந்துட்டீங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கவலப்படாதீங்க. சோதனை இன்னியோட முடியுது. நாளைக்கு உங்களோட நெஜ ரேட் வந்துரும்.”

திரும்பும்போது அவள் பார்த்தாள். அவர் மேஜைக் கண்ணாடியின் அடியில் ஒரு சீட்டு இருந்தது. அதே அளவு, அதே மங்கிய மை. பெயர் அவருடையது. அவர் அதன்மேல் டப்பாவை நகர்த்தி வைத்தார்.

சனிக்கிழமை காலை ஓவியாவும் கூடவே கிளம்பினாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“அங்க என்ன குடுப்பாங்க?” என்று தெய்வானை கேட்டாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் மகளிடம் கேட்ட முதல் கேள்வி.

“தெரியல. கட்ட வெரல வெச்சாத்தான் தெரியுமாம்.”

கம்பெனி நிறுத்தத்தில் தெய்வானை இறங்கினாள். ஓவியா சன்னல் வழியே கையை லேசாகத் தூக்கினாள். பஸ் போனது.

வாசலில் வரிசை நீளமாக இருந்தது. செல்லாயி முன்னால் நின்றாள். அவளிடம் சொல்லவேண்டும் என்று தெய்வானை வெள்ளிக்கிழமையே நினைத்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். ‘அது சும்மா குறைச்சது, செல்லாயி. வீட்ல எதுவும் நடந்திருக்காது.’ செல்லாயியின் கழுத்தில் மருந்தெண்ணெய் வாசம் வந்தது. காலையில் புருஷனுக்கு முதுகு தேய்த்துவிட்டு வந்திருப்பாள். தெய்வானை சொல்லாமலே வரிசையோடு நகர்ந்தாள்.

அவள் முறை வந்தது. கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமானதுபோல் அவளுக்குத் தோன்றியது. சீட்டு வந்தது.

613.

அவள் திருப்பிப் பார்த்தாள். பெயர் அவளுடையதுதான். தேதி சனிக்கிழமைதான்.

கொஞ்ச நேரம் அது தப்பு என்று நினைத்தாள். மாடிக்குப் போய்க் கேட்கலாம் என்று படியைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். மஸ்கட் இல்லை. ஆறு மாசம் இல்லை. டீக்கடை இல்லை. நான்கு நாள் இந்த ரேட்டுக்கு அவள் இருந்தாள்.

தப்பு இல்லை. இதுதான் இனி அவளுடைய நிஜ ரேட்.

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தாள். மெஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்தாள். நான்காவது லைன் ஓட ஆரம்பித்தது.

பத்து மணிக்கு டீ வந்தது. தங்கமணி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, பிய்ப்பதா வேண்டாமா என்று அவளைப் பார்த்தாள். அந்தப் பக்கம் செல்லாயியும் பார்த்தாள். லைன் முழுக்கக் கைகள் நின்றன.

“இன்னிக்கு எறங்குச்சுங்களாக்கா?”

தெய்வானை சீட்டை மடித்து இடுப்பில் சொருகினாள்.

“இல்ல. நேத்து வந்ததேதான்.”

“நல்லவேளைங்க்கா,” என்றாள் தங்கமணி. பன்னை முழுதாக டீயில் நனைத்துத் தின்றாள். மற்றவர்களும் தின்றார்கள்.